புல்லுக்கு அடிக்கும் மருந்து

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆஸ்பத்திரி டிரெஸர் சீசாவில் ஊற்றிக் கொடுப்பது. மற்றொன்று, ஸ்டோரில் டின்னிலிருந்து அளந்து கொடுப்பது. முன்னது மனிதருக்கு, பின்னது புல்லுக்கு. "அம்மா எங்கே?" என்று யாராவது கேட்டால், "மருந்தடிக்கப் போயிருக்காங்க" என்போம். நஞ்சடிக்கப் போயிருக்கிறார் என்று எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. மலாய்க்காரர்கள் அதை 'ராச்சுன்' என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். நாம்தான் விஷத்துக்கு மரியாதையான பெயர் வைத்து, வீட்டுக்குள்ளும் விட்டுவிட்டோம்.

எங்கள் தாயார் 17 வருஷம் மருந்தடித்தவர். முதலில் ரப்பர்க் காட்டில். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது அதிலும். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். மெர்சிங்கிலிருந்து குளுவாங் போகும் பாதையில் அந்நாளில் இருந்தவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும், முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு வரிசையாகப் போவார்கள். தண்ணீர் நிரம்பிய பம்பு ஒரு பள்ளிப் பிள்ளையின் கனம் இருக்கும். அதில் ஒழுகாத பம்பு அபூர்வம். முதுகு நனைந்தால் வேர்வையா, மருந்தா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மூக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவார்கள். மண்டோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

அம்மாவின் கைநகங்கள் முதலில் வெளுத்தன. பிறகு கறுத்து, ஒன்றிரண்டு கழன்று விழுந்தன. மூக்கில் இரத்தம் வந்தது. "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊற வைத்துக் குடித்தார். இன்று 81 வயதில் அவருக்கு ஓயாத இருமல். அதற்கு அந்த வேலைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். நகங்களுக்கு மட்டும் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். 1960களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. 'கிராமக்சோன்' என்ற கடைப் பெயரைச் சொன்னால் பழைய தோட்டத்து ஆட்கள் உடனே தலையாட்டுவார்கள். பச்சையாக உள்ள எதன்மேல் பட்டாலும் வெயிலில் ஓரிரு நாளில் கருக்கிவிடும். உடம்புக்குள் போனாலோ நுரையீரலைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மடக்குப் போதும், முறிவு மருந்து கிடையாது. முதலில் வந்த சரக்கு கறுப்புக் கோப்பி நிறத்தில் இருந்தது. குளிர்பான போத்தலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் குடித்து மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் பிற்பாடு அதில் நீலச் சாயமும், கெட்ட வாடையும், வாந்தி வரவைக்கும் சரக்கும் சேர்த்தார்கள்.

சுவீடன் நாடு 1983-லேயே இதை விலக்கிவிட்டது. நம் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974-இல் வந்தது. ஆனால் மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப் போய், உன் கை எப்படி இருக்கிறது, கண் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆட்கள் வரப் பல வருஷம் பிடித்தது. 1990களில் தெனாகனித்தா அமைப்பினர் தோட்டங்களுக்குள் போய் அந்தப் பெண்களிடம் பேசினார்கள். அதை நடத்திய ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் 2014-இல் காலமானார். 2002-இல் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியாக 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே போன வருஷங்களை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தடை வந்துவிட்டது, இனி என்ன கவலை என்றுதான் நானும் நினைத்தேன். ஜெமாலுவாங் பக்கம் என் தம்பிக்கு 5 ஏக்கர் செம்பனை இருக்கிறது. போன மழைக்காலத்துக்கு முன் அங்கே போயிருந்தபோது, உரக் கொட்டகைத் தட்டில் ஓர் ஆரஞ்சு போத்தல் கண்ணில் பட்டது. உள்ளே நீலமாக ஏதோ இருந்தது. அவனுடைய ஆறு வயதுப் பேத்தி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரச் சாக்குக் கயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி இது?"

"பழைய மருந்து அக்கா. தடை வர்றதுக்கு முன்னால வாங்கினது. மூடி இறுக்கமாத்தான் இருக்கு."

அவன் மூடனல்ல. பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல் மார்க்கு வாங்கியவன். அவன் சொன்ன காரணத்தையும் கேளுங்கள். மெர்சிங் வட்டாரத்து வானம் உங்களுக்குத் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தியோமான் படகுகள் கூட நின்றுவிடும் அளவுக்குக் கடலும் மழையும் சேர்ந்து ஆடும். மற்ற மாதங்களிலும் காலை வெயிலை நம்பி மருந்தடித்தால் மத்தியானம் கொட்டித் தீர்த்துவிடும். பாராகுவாட் அடித்து அரை மணி நேரம் கழித்து மழை பெய்தாலும் பயப்பட வேண்டியதில்லை. இப்போது கடையில் கிடைக்கும் கிளைபோசேட் இலைக்குள் இறங்கப் பல மணி நேரம் ஆகும். நடுவே மழை வந்தால் காசும் கூலியும் ஓடையோடு போயிற்று. "மழையும் நானும் போட்டி போடறப்போ அந்தப் பழசுதான் அக்கா கை கொடுக்குது" என்றான். அவன் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. போத்தல் மட்டும் அங்கே இருக்கக்கூடாது.

கையுறை, பூட்ஸ், முகமூடி பற்றிக் கேட்டேன். எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது! சிறு தோட்டக்காரர்களுக்கும் 2020 முதல் செம்பனைச் சான்றிதழ் கட்டாயம். அதற்கான வகுப்புக்குப் போயிருக்கிறான், கையெழுத்தும் போட்டிருக்கிறான். டின்னில் கறுப்புப் பட்டையும் சிவப்புப் பட்டையும் கடும் நஞ்சு என்று எனக்கே பாடம் நடத்தினான். ஆனால் அடிக்கப் போகும்போது அரைக்கால் சட்டையும் ஜப்பான் செருப்பும்தான். "பத்து நிமிஷத்துல உடம்பு வெந்து போகுது அக்கா. முகமூடி போட்டா மூச்சு முட்டுது. இத்தனை வருஷம் எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றான். வகுப்பு நடத்துகிறவர்கள் குளிர்சாதன அறையில் நடத்துகிறார்கள் என்பது என் கருத்து. பதினொரு மணி வெயிலில் செம்பனைக்கடியில் நடத்தினால் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மௌனமாக இருந்த அம்மா திடீரென்று, "கையுறை இப்ப என்ன விலைடா?" என்றார்.

"பன்னிரண்டு வெள்ளி இருக்கும்மா."

"அவ்வளவுதானா?"

அதற்கு மேல் அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பியும் பேசவில்லை.

காரியத்தை முடித்தவள் தம்பி மனைவிதான். அவளுக்கு வெகு நாளாகக் கைகளில் அரிப்பு. சவர்க்காரம் சேரவில்லை என்று நினைத்து மூன்று வகை மாற்றிப் பார்த்தாயிற்று. மருந்துச் சட்டையையும் பேத்தியின் பள்ளி உடுப்பையும் ஒரே வாளியில் ஊற வைத்துக் கையால் கசக்குகிறாள் என்பது அன்றுதான் பேச்சில் வந்தது. மருந்தடிப்பவர் உடம்பில் நஞ்சு ஏறுவது பெரும்பாலும் மூச்சு வழியாக அல்ல, தோல் வழியாக. நனைந்த சட்டை அதற்குத் திறந்த வாசல். துவைப்பவள் கைக்கும் அதே வாசல்தான். "அப்படியா அண்ணி?" என்று கேட்டவள், மறுநாளே ஒரு சிவப்பு வாளி வாங்கி வந்தாள். மருந்துச் சட்டை அதில் மட்டும், கையுறை போட்டுத்தான். குழாயடியில் குளித்து உடுப்பு மாற்றாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று புருஷனுக்கும் உத்தரவு.

வெயிலுக்கு என்ன செய்வது? விடிந்தும் விடியாததுமாகத் தொடங்கி, காற்று எழும்புவதற்குள் முடித்துவிடலாம். காற்றை எதிர்த்து நடக்காமல், தெளித்த புல்லுக்குள்ளேயே மறுபடி புகாமல் அடிக்கலாம். இன்னொன்று, குறைவாக அடிப்பது. செம்பனையில் மரத்தைச் சுற்றியுள்ள வட்டமும் பழம் வெட்டிச் சுமக்கும் பாதையும் சுத்தமாக இருந்தால் போதும். நடுவிலுள்ள மென்புல்லை மொட்டையடிக்க வேண்டியதில்லை, மண் அரிக்காமல் அதுவே காக்கும். எலிக்கும் நஞ்சு வைக்காமல், கூகைக்குப் பெட்டிக்கூடு கட்டி விடுகிற தோட்டங்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. தம்பி இப்போது வட்டத்தையும் பாதையையும் மட்டும்தான் அடிக்கிறான். ஒரு முறைக்குப் பாதி மருந்துகூடச் செலவாவதில்லையாம். நான் சொன்னதைவிட அந்தக் கணக்குத்தான் அவனுக்குப் பிடித்தது.

காலி டின்னை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி, டின்னில் ஓட்டை போடுகிறான். முன்பெல்லாம் அதில்தான் கோழிக்குத் தண்ணீர். பம்பை ஓடையில் அலசுவதையும் விட்டான். அந்த ஓடை கடைசியில் மீன்காரர்கள் வலை அலசும் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. ஆரஞ்சு போத்தலைப் பூட்டிய பெட்டியில் வைத்து, விவசாய இலாகாவில் விசாரித்து ஒப்படைத்தான். அதை மட்டும் இரண்டு முறை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

தோட்டத்தில் கூலிக்கு மருந்தடிக்கிற சகோதரிகளுக்கு என் தம்பியைப் போல் தாமே முடிவெடுக்கும் வசதி இல்லை. கையுறை கிழிந்தால் மண்டோரைத்தான் கேட்க வேண்டும். 1994-இன் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி வேலையாளின் பத்திரத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. கேட்பது பிச்சையல்ல. கருவுற்றிருப்பவரும் பால் கொடுப்பவரும் வேறு வேலை கேட்கத் தயங்க வேண்டாம். ஒருத்தி தனியாகக் கேட்டால் வாயாடி என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து பெரட்டில் கேட்டால் ஸ்டோர் திறக்கும். இன்று அந்த வரிசையில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். டின்னில் எழுதியிருப்பது அவர்களில் பலருக்குப் புரியாது. பக்கத்து நிறையில் நிற்கும் நம்மவர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இந்த வருஷம் மழை விட்டதும் தம்பி மருந்தடித்தான். நீளக்கைச் சட்டை, பூட்ஸ், கையுறை எல்லாம் இருந்தன. முகமூடி கழுத்தில் தொங்கியது. திரும்பி வந்தவனைக் குழாயடியிலேயே நிறுத்தி அவன் மனைவி போட்ட சத்தம் வேலிக்கு அப்பால் வரை கேட்டது. அடுத்த நாள் பக்கத்து நிலத்துக்காரர் மனைவி வந்து, சிவப்பு வாளி எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாராம்.