நன்றிக் கடிதம் யாருக்கு?

நன்றி சொல்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் அதைக் காகிதத்தில் எழுதித் தபாலில் சேர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் குறைவுதான். ஊர் போய்ச் சேர்ந்த சேதி, பிள்ளை பிறந்த சேதி, இவற்றுக்குத்தான் முன்பெல்லாம் கார்டு வாங்குவோம். இப்போது பள்ளிக்கூட இண்டர்வியூ முடிந்ததும் நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். அந்தப் பேச்சு எங்கள் காட்டாங்குளத்தூர் தெரு வரைக்கும் வந்துவிட்டது.

எதிர்வீட்டுக்கு விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கணவருக்கு மறைமலைநகரில் தொழிற்சாலை வேலை. பெண் குழந்தைக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒரு தனியார் பள்ளியில் மூன்று பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டதும் குழந்தை வாயே திறக்கவில்லை. அப்பாவின் படிப்பையும் சம்பளத்தையும் வேறு விசாரித்தார்களாம்.

மறுநாள் அந்தப் பெண் ஒரு தாளோடு வந்தாள். "அக்கா, எங்க அண்ணி அமெரிக்காவிலே இருக்காங்க. இண்டர்வியூ முடிஞ்சா தேங்க்ஸ் லெட்டர் போட்டே ஆகணும்னு சொல்றாங்க. இது சரியா இருக்கா பாருங்களேன். கூடவே ஒரு கிலோ ஸ்வீட்டும் வாங்கி வச்சிருக்கேன்."

வாங்கிப் படித்தேன். நன்றி ஒரே வரிதான். மீதியெல்லாம் மன்னிப்பு. குழந்தைக்குக் கூச்சம் அதிகம், வீட்டில் நன்றாகப் பேசுவாள், எப்படியாவது இடம் கொடுங்கள்... எனக்கு மனசு என்னமோ செய்தது. எட்டு வயதுக் குழந்தை பேசாமல் இருந்ததற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அண்ணி சொன்னதும் பொய்யில்லை. அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் பேட்டி முடிந்ததும் பெற்றோர் இரண்டு வரி நன்றி எழுதி அனுப்புவதுண்டு. அது அந்த ஊர் மரியாதை. நம் நாட்டுச் சட்டமே வேறு. 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் அமலான கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்து 50,000 வரை. நன்கொடை வாங்கினால் அந்தத் தொகையைப் போலப் பத்து மடங்கு வரை. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.) செய்யக் கூடாததைச் செய்தவர்களுக்கு நன்றியும் சொல்லி, ஸ்வீட்டும் கொடுப்பதா?

"போடாட்டி சீட்டு போயிடுமோக்கா?" என்றாள். கடிதத்துக்காக இடம் கொடுக்கிற பள்ளியென்றால், அடுத்து என்னென்ன கேட்குமோ என்றேன். புகார் எழுதலாமே என்றும் சொன்னேன். "ஊருக்குப் புதுசு, எதுக்குக்கா வம்பு" என்றுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. புகாருக்குப் பின்னால் அலைய வேண்டியவள் அவள்தானே.

பேட்டிக்கு அழைத்துப் பேசினால், எழுந்து வரும்போது வாயால் ஒரு "நன்றிங்க" போதும். முடிவு தெரியாத நேரத்தில் போகும் கடிதம், எப்படி எழுதினாலும் மனுவாகத்தான் படும். இடம் கிடைத்த பிறகு, அலைய விடாமல் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த குமாஸ்தாவுக்கோ, குழந்தையின் பயத்தைத் தெளிய வைத்த டீச்சருக்கோ தாராளமாக எழுதலாம். குழந்தையின் பெயர், வகுப்பு, அவர் செய்த உதவி, மூன்று வரி. பொருள் எதுவும் வேண்டாம்.

அந்தப் பள்ளியிலிருந்து கடைசி வரை பதில் வரவில்லை. கேள்வி கேட்காத வேறொரு பள்ளியில் குழந்தையைச் சேர்த்துவிட்டார்கள். ஸ்வீட் டப்பாவை எங்கள் வீட்டிலேயே பிரித்தாயிற்று.

கடிதம் மட்டும் ஒன்று போயிற்று. ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று, பள்ளி நேரம் முடிந்தும் காத்திருந்து மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தாராம், கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியை. "இவருக்கு எழுதினாயா?" என்று கேட்டேன். அன்றே உட்கார்ந்து எழுதினாள். அடியில் மிச்சமிருந்த இடத்தில் குழந்தை தானாகவே எழுதியது: "டீச்சர், நம்ம வேப்பமரத்துல கட்டின ஊஞ்சல் இருக்கா? அதுல இப்ப யாரு ஆடுறாங்க?"