முதற்பிரதியும் முகநூலும்

எமது ஊர்களில் வெளியீட்டு விழா என்பது உண்மையில் முதற்பிரதியின் விழாதான். வர்த்தகப் பிரமுகர் ஒருவர் மேடையேறுவார். பொன்னாடை, என்வலப், கைதட்டல். அச்சகக் கடனில் பாதி அந்த என்வலப்பில் அடைபடும். அவர் புத்தகத்தை வாசித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்டால் அடுத்த புத்தகம் வராது.

கல்முனைக்கு வேறொரு மரபும் உண்டு. எம்.ஏ. நுஃமான் 1960களின் கடைசியில் ‘கவிஞன்’ இதழை நடத்தியது இங்கிருந்துதான். மஹாகவியின் நூல்கள் கூட ‘வாசகர் சங்கம்’ என்ற பெயரில் இங்கிருந்து வெளிவந்தன. பதிப்பகத்தின் பெயரிலேயே வாசகர் இருந்தார்.

அந்த வாசகரை இப்போது முகநூலில் தேடுகிறோம். அட்டைப்படத்தை இடுவது, இரண்டு பந்தியை எடுத்துப் போடுவது, முகவரியை இன்பொக்ஸில் கேட்பது, வங்கிச் சிட்டையின் படம் வந்ததும் பொதி கட்டுவது. 2022இல் கடதாசி விலை எகிறிய பிறகு, முன்பதிவு பார்த்தே எத்தனை பிரதி அடிப்பது என்று தீர்மானிக்கிறோம். ‘மாஷா அல்லாஹ்’ என்று நூறு பேர் எழுதுவார்கள். முகவரி தருபவர்கள் பத்துப் பேர்தான். ஆனாலும் அந்தப் பத்துப் பேரும் வாசிப்பவர்கள்.

2018 மார்ச் 10இல் எனது தொகுதியின் வெளியீடு. அழைப்பிதழ் அடிக்காமல் முகநூலில் மட்டுமே அறிவித்திருந்தேன். அதற்கு முன் பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், கொத்துரொட்டியில் மலட்டுக் குளிசை கலந்தார்கள் என்ற பொய்யால் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அந்தப் பொய் ஓடியதும் முகநூலில்தான். கண்டியும் எரிந்தது, 7ஆம் திகதி முகநூலை முடக்கினார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்களிடம் போட்டோக்கொப்பித் துண்டுகளைக் கொடுத்தேன். கண்டியிலிருந்து வரவிருந்த பேச்சாளர் வரவில்லை. முதற்பிரதிக்காரர் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார்.

அதைவிடக் கனமானது அஹ்னாப் ஜஸீமின் கதை. 2017இல் வந்த ‘நவரசம்’ கவிதைத் தொகுதியில் தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகள் இருந்தும் அவர் 2020 மேயில் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். ஒரு கவிதைப் புத்தகத்துக்கு மூன்றரை வருடம். அந்த நாட்களில் எனது பக்கத்திலிருந்த பழைய அட்டைப்படங்கள் சிலவற்றை நான் அழித்தேன். ஏன் அவற்றை மட்டும் என்று இன்றும் என்னால் விளக்க முடியாது.

பதிப்பாளர்கள் இப்போது மிகவும் நம்புவது, புத்தகத்தோடு வாசகர் நிற்கும் படத்தை. ஒரு படம் பத்துப் பிரதி விற்கும் என்பார்கள். போன வருடம் கட்டாரிலுள்ள தம்பியொருவன் மூன்று பிரதிகளுக்குக் காசு அனுப்பி, ஒன்றை மருதமுனையிலுள்ள உம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். கொண்டுபோய்க் கொடுத்தேன். தறிக்குப் பக்கத்தில் இருந்தவாறே முதல் பக்கத்தை வாய்விட்டு வாசித்தார். பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்துவிட்டேன்.

“என்னைப் புடிச்சிப் போடாதீங்க மகன்,” என்றார். “புத்தகத்த மட்டும் புடிங்க.”

தறியின் மேல் வைத்துப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனுக்கு மட்டும் அனுப்பினேன்.