திரௌபதிக்கு முதல் ஷிப்ட்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஆள் எடுக்கும் தட்டிகளுக்கு வருஷம் முழுக்கப் பஞ்சமில்லை. பங்குனி பிறந்துவிட்டால் அவற்றுக்கு நடுவே வேறு தட்டிகளும் முளைக்கும்: திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா, பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படியொரு தட்டியைக் காட்டி, "எங்க லைன்ல பக்கத்து மெஷின்காரர்தான் இந்த ஊருக்குத் திரௌபதி" என்றார். அன்று ராத்திரியே போய்விட்டேன்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் அவர். நாற்பதைத் தாண்டிய வயது. மீசை இல்லை. "கேன்டீன்ல புதுப் பசங்க கேப்பாங்க சார், மீசை எங்கன்னு. அம்மன்கிட்ட குடுத்துட்டேன்னு சொல்லிடுவேன்."

கீற்று மறைப்புக்குப் பின்னால் எல்லாரும் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். துரியோதனனுக்கு ஏற்பாடு பெரிது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. அவற்றைக் கட்டி ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினாலே பாதி ராஜா வந்துவிடுவான். திரௌபதிக்கு அந்த உதவி கிடையாது. முகப்பூச்சு, ஒரு புடவை, ஒரு சவுரி, மிச்சமெல்லாம் குரலும் உடம்பும்தான்.

அந்தச் சவுரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவருக்குத் தோள்வரை சொந்த முடி இருந்தது; அதிலேயே சவுரியை வைத்துப் பின்னிவிடுவார். கம்பெனியில் தொப்பிக்குள் அடங்கும் கிராப்புதான் வைக்க வேண்டும். இப்போது தலையைச் சுற்றிக் கறுப்பு நாடாவை வரிந்து கட்டி, அதில் சவுரியை முடிகிறார். கழுத்து நரம்பு புடைக்கும்வரை இறுக்குகிறார். காரணம் இருக்கிறது. துச்சாதனன் கூந்தலைப் பிடித்துத்தான் அவளைச் சபைக்கு இழுத்து வருவான். சபதம் செய்யும்போது விரித்த கூந்தலைச் சுழற்றியாக வேண்டும். முடி அவிழ வேண்டும், கழன்றுவிடக் கூடாது. "கழண்டுச்சுன்னா சனம் சிரிச்சிடும். சிரிச்சா அம்மன் போயிடுவா சார்." வேஷம் கலைத்ததும் முதலில் சவுரிக்குத்தான் எண்ணெய். மனைவியைக்கூடத் தொடவிடுவதில்லையாம்.

அன்றைக்குப் பகடை துயில், அதாவது சூதாட்டமும் துகிலுரிதலும். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. தாளக்கட்டு எனக்குப் பிடிபடாத சங்கதி. முகவீணைக் குழல் பாட்டோடு சேர்ந்து கத்தியது, அவ்வளவுதான் சொல்ல முடியும். நடுநிசி தாண்டித் துச்சாதனன் முந்தானையைப் பிடித்தான். பிடித்தவன் இழுக்கவில்லை. ஆட்டம் நின்றது, கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷக்காரர் வேஷத்தை விட்டு இறங்கி, தாயே பொறுத்துக்கொள் என்று கும்பிட்டார். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் கும்பிட்ட ஆள் மறுநாள் கன்வேயர் பக்கத்தில் நிற்கப் போகிறவர் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

ஆண் பெண்ணாவதில் நமக்குப் புதுமை இல்லை. சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பெனியில் கட்டியது சீதை வேஷம். டி.கே. சண்முகத்துக்கு ஔவை என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. மறுபக்கம், 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே படத்தில் நடித்தார். மேடை நாடகத்தில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. கூத்தில் முடியவில்லை.

ஆனால் கூத்துக்குள் பெண்களும் வந்துவிட்டார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்துக் கலைஞர் பி. இராஜகோபால், மற்ற கலைஞர்களைச் சேர்த்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார். 2002இலிருந்து 2020வரை சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கூத்துப் படித்தார்கள். அங்கே படித்த திலகவதி பழனி பெண்களை மட்டுமே வைத்துக் குழு நடத்துகிறார். கிரீடமும் புஜக்கட்டையும் பூணும் கட்டைவேஷத்தையும் பெண்களே கட்டுகிறார்கள். இதை நம் திரௌபதியிடம் சொன்னேன். "துரியோதனன் கட்டட்டும் சார், நானே முன்னாடி உக்காந்து பாப்பேன். என் திரௌபதியை மட்டும் கேக்காதீங்க." இதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் பயம் பெண்களால் வந்ததல்ல, ஷிப்டால் வந்தது.

கழனி வேலை இருந்த காலத்தில் விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில் தூங்கலாம். இப்போது கூத்துக்கு முந்தி முதல் ஷிப்ட், மறுநாள் இரண்டாம் ஷிப்ட் என்று யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்கிறார். கிடைக்காவிட்டால் லீவு. லீவென்றால் சம்பளமும் போச்சு, அட்டென்டன்ஸ் போனஸும் போச்சு. பல வருஷமாக ஒரே மெஷின். சம்பளச் சீட்டில் மட்டும் ஒப்பந்தக்காரர் பெயர். எப்போதும் நடக்கிற வேலைக்கு ஒப்பந்த ஆள் வைப்பதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1970இலேயே வந்துவிட்டது. வந்து என்ன? ஒரு திருகாணி முடுக்காத ஆள் மாதா மாதம் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறார். கூத்தில் அந்த ஆள் இல்லை. கோயில்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு வைத்தால் பேச்சு முடிந்தது, கூலி கைக்குக் கை. நாகரிகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரதப் போர் முடியும் படுகளத்தன்று காலையில், மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் தொடை பிளந்த பிறகு, திரௌபதி கூந்தல் முடிக்க வேண்டும். அதற்கு மாற்று ஆள் கிடையாது. ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்குகிற கம்பெனிகள், வேஷக்காரர்களுக்கு அந்த ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். ஒப்பந்தக்காரர் கொடுக்க மாட்டார். கம்பெனிதான் உத்தரவு போட வேண்டும்.