சார்ல்ஸ்டனில் ஒரு சந்தையும் ஒரு கோட்டையும்

இம்முறை அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்குப் போய் வருவோம், வாருங்கள்.

தென் கரோலினா மாநிலத்தில், இரண்டு ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சார்ல்ஸ்டன் துறைமுகம். வெள்ளைத் தூண்கள் தாங்கிய மாளிகைகளும் பழைய தேவாலயங்களும் கண்ணைப் பறிக்கின்றன. இத்தனை செல்வம் எங்கிருந்து வந்தது? அதை அறிய, கல் பாவிய சால்மர்ஸ் வீதிக்குள் நுழைய வேண்டும்.

அங்கே, பெரிய வளைவு வாசலுடன் ஒரு கட்டடம் நிற்கிறது. 1859-இல் கட்டப்பட்டது. உள்ளே விற்கப்பட்டது என்ன தெரியுமா? மனிதர்கள்! வீதியோரத்தில் அடிமைகளை ஏலம் விடக் கூடாது என்று நகராட்சி 1856-இல் தடை போட்டது. வியாபாரிகள் விற்பனையை நிறுத்தவில்லை. கூரைக்கடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். இன்று அது அருங்காட்சியகம்.

நகரைச் சுற்றிலும் நெல் வயல்களும் பருத்தித் தோட்டங்களும் இருந்தன. 1860-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தென் கரோலினாவின் மக்கள் சுமார் 7 லட்சம் பேர். அவர்களில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகள். நாடு முழுவதிலும் ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் இருந்தனர். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் அங்கே, அடிமைத் தாய் பெற்ற பிள்ளையும் பிறந்த கணமே எசமானனின் சொத்து என்று சட்டமே சொல்லிற்று. தாயை ஒருவனும் பிள்ளையை வேறொருவனும் ஏலத்தில் வாங்கிப் போகலாம்.

வட மாநிலங்களில் இக்கொடுமைக்கு எதிர்ப்பு வளர்ந்தது. புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமைமுறை பரவக் கூடாது என்ற ஆபிரகாம் லிங்கன், 1860 நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்றார். டிசம்பர் 20-ஆம் நாள், இதே சார்ல்ஸ்டனில் கூடிய மாநாடு தென் கரோலினா நாட்டை விட்டுப் பிரிவதாக அறிவித்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. முடிவில் 11 மாநிலங்கள் பிரிந்துபோயின. மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் உண்டு. ஆனால் தென் கரோலினா அன்று வெளியிட்ட காரண அறிக்கையே, அடிமைமுறைக்கு வடக்கு காட்டும் பகைமையைத்தான் எடுத்துச் சொல்கிறது.

இனிப் படகேறுவோம். சுமார் அரை மணி நேரத்தில், துறைமுக வாயிலில் செங்கற் சுவர்களுடன் சம்டர் கோட்டை தெரியும். அது அப்போது மத்திய அரசுப் படையின் கையில் இருந்தது. 1861 ஏப்ரல் 12, அதிகாலை 4.30 மணி. பெரட்டுக்கு எழுந்து பழகியவர்களுக்கு அந்த இருட்டு தெரியும். பிரிந்து சென்றவர்களின் பீரங்கிகள் அந்த இருட்டில் முழங்கின. ஏறத்தாழ 34 மணி நேரத்துக்குப் பின் கோட்டை பணிந்தது. அந்தக் குண்டுவீச்சில் ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் தொடர்ந்த நான்காண்டுப் போரில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மடிந்தார்கள்.

இதே நீரில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். ராபர்ட் சுமால்ஸ் என்ற 23 வயது அடிமை, 'பிளான்டர்' என்னும் நீராவிக் கப்பலைச் செலுத்தி வந்தார். 1862 மே 13, விடியுமுன், வெள்ளைக்காரக் கப்பல் தலைவன் கரையில் தங்கியிருந்த சமயம் பார்த்து, தம் மனைவி மக்களையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தலைவனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வழக்கமான ஊதல் ஒலி எழுப்பி, சம்டர் கோட்டையின் பீரங்கிகளைக் கடந்தார். பின்பு வெள்ளைத் துணியை உயர்த்தி வடக்கின் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். கப்பலில் இருந்த 16 பேருக்கும் விடுதலை! போருக்குப் பின் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். தாம் அடிமையாகப் பிறந்த பியூஃபோர்ட் ஊரில், பழைய எசமானனின் வீட்டையே விலைக்கு வாங்கினார்.

1865 டிசம்பரில், அரசியல் சட்டத் திருத்தம் அமெரிக்கா முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது.

வாசகர்களே, சார்ல்ஸ்டனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைத் தேடிப் போகிறார்கள். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ அந்த வாய்ப்புக் கிடைத்தால், முதலில் சால்மர்ஸ் வீதியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு படகேறுங்கள். பீரங்கிகள் எதைக் காப்பதற்காக முழங்கின என்பது அப்போது விளங்கும்.