ஒன்றரைக் குழி வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று முன்னோர் சொல்லி வைத்தனர். பிறர் கட்டி, மூன்று தலைமுறை வாழ்ந்து, ஓட்டிலே பாசியும் சுவரிலே உப்பும் பூத்த பின்னர் அவ்வீட்டை விலைக்கு வாங்கப் புறப்படுகிறவனுக்கு அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அக்காலத்தில் வீடு கைமாறுவது அரிதாயிருந்தது காரணமாகலாம். கடந்த எட்டு மாதங்களாக நாங்கள் அந்தச் சொல்லாத பாடத்தைத்தான் படித்து வருகின்றோம்.

நாங்கள் வசிப்பது மேட்டுப்பாளையத்தில். நீலகிரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தை எண்ணிவிட வேண்டாம். எங்களூர் புதுவையின் மேட்டுப்பாளையம். மலை ரயிலுக்குப் பதிலாக இங்கே சரக்கு லாரிகள். தொழிற்பேட்டையும் லாரி முனையமும் அமைந்த இடமாதலால், நள்ளிரவிலும் பாரம் ஏற்றிய வண்டிகளின் உறுமல் ஓய்வதில்லை. மூத்த மகனுக்குத் தொழிற்பேட்டையிலே வேலை என்பதால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு வந்தோம். ஊரைக் குறை சொல்வதற்கில்லை. பிழைப்பைத் தந்த ஊர். ஆயினும் உம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. உறவினர் யாவரும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால், குத்பா பள்ளிவாசலையும் முல்லா வீதியையும் சுற்றியே இருக்கின்றனர். ஒரு மௌத்துச் செய்தி வந்தால் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா புறப்பட்டு விடுகின்றது என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

வாப்பாவின் நிலத்தை விற்று வந்த பணமும் எங்கள் சேமிப்பும் கையில் இருந்தன. வட்டிக் கடனை நாடுவதில்லை என்பது வீட்டார் அனைவரும் ஒருமனதாக எடுத்த முடிவு. ஆகவே இரண்டே வழிகள். மேட்டுப்பாளையம் பக்கம் புதிதாக எழும் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அல்லது நகரத்துக்குள் சிறியதொரு பழைய வீடு. முல்லா வீதிக்கு அருகே அப்படி ஒன்று விலைக்கு வருவதாகத் தரகர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். முகப்பு 16 அடி, நீளம் 54 அடி, மொத்தம் 864 சதுர அடி. 576 சதுர அடியை ஒரு குழியெனக் கொள்ளும் புதுவைக் கணக்கில் சரியாக ஒன்றரைக் குழி. விலை 49 லட்சம்.

"முந்நூறு வருஷத்து வீடு பாய்" என்றார் தரகர். நாங்கள் சிரித்துக்கொண்டோம். 1761இல் ஆங்கிலேயர் இந்நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியதும், 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மீளக் கட்டத் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சரித்திரம். கட்டம் கட்டமாய் அமைந்த வீதிகள் அதற்கும் முந்தியவை. 1693 முதல் சில ஆண்டுகள் ஊரை ஆண்ட டச்சுக்காரர் வகுத்த வரைபடத்தின் சாயல் அவற்றில் உண்டு. வீதிக்குத்தான் முந்நூறு வயது, வீட்டுக்கன்று. எங்கள் மதிப்பில் அவ்வீட்டுக்கு நூறு வயது இருக்கலாம். சைகோனுக்குக் கப்பலேறிப் போய்த் துணிக்கடை வைத்த குடும்பங்கள் பெரிய பெரிய வீடுகளைக் கட்டிய காலம் அது. இது அத்தகைய மாளிகையன்று. ஒரு திண்ணை, ஒரு நடை, கட்டில் போடுமளவு முற்றம், இரண்டு அறைகள், பின்கட்டில் கிணறு, அவ்வளவே.

பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பார்க்கிறார்கள், கதவின் சித்திர வேலைப்பாட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் கதவை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே உட்புறம் சென்று அண்ணாந்து நின்றார். முன்பாதி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மீது குறுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, சிறு செங்கற்களை நிமிர்த்தி மூலைவாட்டில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட தளம். பின்பாதி நாட்டு ஓடு. உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். "நடுவிலே மரம் கெடாது, சுவருக்குள் ஈரம் பட்ட முனைதான் முதலில் போகும்" என்றார். ஏழு உத்தரங்களில் இரண்டு மந்தமாக ஒலித்தன.

அடுத்துச் சுவர். ஒன்றரை அடி கனம். வாடகைக்கு இருந்த யாரோ கீழ்ப்பகுதிக்கு மட்டும் சிமெண்ட் பூசியிருந்தனர். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். சுண்ணாம்புக் காரை தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதனை அடைத்து வைப்பதால், ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகின்ற விளிம்பில் உப்பாக வெடிக்கும். அங்கே இடுப்புயரத்தில் கோடு கிழித்தாற்போல உப்புப் பூத்து நின்றது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுதும் காயவிட்டுப் பின்னர் சுண்ணாம்பு பூச வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. பழங்கட்டடத்தின் பொறுமைக்கும் எல்லையுண்டு. கடற்கரைச் சாலையில் 1870-71இல் எழுந்த மேரி கட்டடம், பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையிலே சரிந்து விழுந்ததை இந்நகரம் கண்டது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021இல் திறந்தனர். அரசுக்கு அது இயலும். மறுபுறம், வைசியாள் வீதியில் பழைய வீட்டு முகப்புகளைச் செப்பனிட்ட பணி 2008இல் யுனெஸ்கோவின் விருதைப் பெற்றது. மரமும் சுண்ணாம்பும் கவனித்தால் நிற்கும் என்பதற்கு அவ்வீதியே சாட்சி.

மழையைப் பற்றி விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று எங்கே தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டு மாமியிடம் வினவினோம். தெருவில் முழங்காலளவு நின்றதென்றும், திண்ணையின் இரண்டாம் படியோடு நின்றுவிட்டதென்றும், ஆனால் ஓட்டுக் கூரை ஐந்து இடங்களில் ஒழுகியதென்றும் கணக்காகச் சொன்னார். உத்தரம், சுவர், கூரை, மின்கம்பி, கழிப்பறை என்று அனைத்தையும் கூட்டிப் பார்த்ததில் ஏழு லட்சம் தேவைப்பட்டது. எங்களிடம் வீட்டு விலை போக மீதமிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. அடுக்கக அறைகளை மறந்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

பத்திரத்தைப் பார்த்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. மூலப்பத்திரம் பிரெஞ்சு மொழியில், நொத்தேர் முன் எழுதப்பட்டது, அதில் குழப்பமில்லை. குழப்பம் பின்னால் வந்தது. கடைசி உரிமையாளர் மௌத்தாகி ஒன்பது ஆண்டுகள். மனைவி முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு ஆண், மூன்று பெண். ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக ஏழு பங்குகள் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பாகப்பிரிவினைக்கு இடம் விட்டதே தவிர, பேரத்துக்கு இடம் விடவில்லை. ஆனால் தரகர் காட்டிய விற்பனை நகலில் நான்கு பெயர்களே இருந்தன. காரைக்காலில் வாழும், கணவரை இழந்த மூத்த சகோதரியின் பெயர் இல்லை.

கேட்டபோது, "அவங்களுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு, விடுதலை எழுதிக் கொடுத்த தாள் இருக்கு" என்றார். தாளைப் பார்த்தோம். பதிவாகாத வெறும் முத்திரைத்தாள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுப்பது பதிவு செய்யப்பட வேண்டுமென 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுகின்றது. மார்க்கத்தைச் சொன்னாலும் சட்டத்தைச் சொன்னாலும் அந்தத் தாள் செல்லாது. திருமணத்தில் போட்ட நகை அன்பளிப்பாகுமே யன்றி, தந்தையின் மறைவுக்குப் பின் வரும் வாரிசுப் பங்காகாது. 49 லட்சம் என்னும் விலை எப்படி அவ்வளவு மலிவாக இருந்தது என்பதும் அப்போதே விளங்கிற்று.

உம்மாவிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். "என் வாப்பா வீட்டை வித்தப்பவும் யாரும் என்கிட்ட கையெழுத்துக் கேக்கல. நானும் கேக்கல. நல்ல காரியத்துக்குப் போறீங்க, அந்தப் பொம்பளையைப் போய்ப் பாருங்க" என்றார். அறுபது ஆண்டுகளில் அவர் இதனை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

காரைக்கால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். போனோம். அந்த லாத்தாவுக்கு வீடு விற்பனைக்கு வந்திருப்பதே தெரியாது. கோபித்துக்கொள்ளவில்லை. கிணற்றடி முருங்கை இருக்கிறதா என்று முதலில் கேட்டார், இல்லை என்றோம். பிறகு, விற்பதில் தமக்குத் தடையில்லையென்றும், பங்கைப் பதிவு அலுவலகத்தில் தம் கையிலேயே தர வேண்டுமென்றும், தம்பிகள் வழியாக வேண்டாமென்றும் தெளிவாகச் சொன்னார்.

தம்பிகளோ விலையை 56 லட்சமாக உயர்த்திவிட்டனர். ஏழு பங்குக்கும் எட்டு எட்டு லட்சமாம். ஆறு பங்காகப் பிரித்திருந்தால் தங்களுக்குக் கிடைத்திருக்கும் தொகை குறையக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். சகோதரிக்குச் சேர வேண்டியதை வாங்குகிறவன் தலையில் சுமத்துவது எங்களுக்குக் கசந்தது. இரண்டு வாரம் பேசினோம்; அவர்கள் ஒரு லட்சம் இறங்கினர். கூரைக்கும் சுவருக்குமென ஒதுக்கிய பணத்தில் மிஞ்சப்போவது ஒரு லட்சம். அது உத்தரம் இரண்டை மாற்றுவதற்குப் போதும். மகன் அடுக்ககத்தை மறுபடி நினைவூட்டினான். அதில் தவறில்லை, புது வீட்டில் ஒழுகாது. ஆனால் அங்கே மூன்று மாடி ஏற வேண்டும். மின்தூக்கி நின்ற நாட்களில் உம்மா கீழே இறங்கவே முடியாது. "ஒழுகுற இடத்துல சட்டி வெச்சுக்கலாம்" என்று உம்மா முடித்துவிட்டார்.

இப்போது பிரான்சில் இருக்கும் இளைய சகோதரரின் அதிகாரப் பத்திரத்துக்காகக் காத்திருக்கின்றோம். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வர வேண்டும். வாடகை வீட்டுக்காரர் ரமலான் வரை தவணை தந்திருக்கிறார். புதிய விற்பனை நகல் சென்ற வாரம் வந்தது. ஐந்து பெயர்களும் இருக்கின்றன. லாத்தாவின் பெயர் முதலாவதாக, வயதின் வரிசைப்படி.