கோடு முழுசா இருந்தது, நெட் வரலை

கொங்குப் பக்கம் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஊர் வேறு, சாளை வேறு. ஊரில் தெரு உண்டு, கோயில் உண்டு, மளிகைக் கடை உண்டு. சாளை என்றால் அவரவர் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு, பக்கத்தில் கட்டுத்தரை, களம், கிணறு. அடுத்த சாளைக்குப் போக இரண்டு தோப்பைத் தாண்ட வேண்டும். நெகமம் பக்கம் எங்கள் சாளையும் அப்படித்தான், மெயின் ரோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே. மோட்டாருக்காகக் கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. கூரை மேல் டிஷ் வந்து டி.வி.யும் வந்தது. நெட் கேபிள் மட்டும் ஊரோடு நின்றுவிட்டது. கேட்டால், "ஒரு வீட்டுக்காக இத்தனை தூரம் கேபிள் இழுத்தா எங்களுக்குக் கட்டுபடியாகாதுங்க" என்றார் ஆபரேட்டர். அவர் கணக்கு அவருக்கு. ஆக, எங்களைப் போன்றவர்களுக்குக் காற்றில் வருகிற நெட்தான் கதி.

போனில் வருகிற வரைக்கும் இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மகள் பிளஸ் டூ முடித்து, வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோதுதான் லேப்டாப் தேவைப்பட்டது. இப்போது கலந்தாய்வு என்றால் கோவை போய் வரிசையில் நிற்பதில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று விருப்ப வரிசையை நாமே ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கொடுக்கிற நாட்கள் சிலதான். நாள் முடிந்து பூட்டிவிட்டால் வரிசையை மாற்ற முடியாது. அவள் அரசுப் பள்ளியில் படித்தவள். 2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் தனி இடம் உண்டு. அந்த இடத்துக்கு ஏற்ப யோசித்து வரிசை போட வேண்டும்.

போனிலேயே போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அந்தப் பட்டியல் நீளம். சின்னத் திரையில் ஒரு விரல் தவறினால் நாலாவது இருந்தது பத்தாவதாகப் போய் உட்காரும். பொள்ளாச்சி போய் பிரவுசிங் சென்டரிலும் போடலாம். அங்கே நம் பிள்ளை பின்னால் நிற்க, வேறொருவர் அவசரமாகத் தட்டுவார். எங்கள் பங்காளி வீட்டுப் பையனுக்கு ஒரு சென்டரில் அப்படித் தட்டியதில் வரிசை புரண்டு, அவன் கேட்காத ஊரில் இடம் கிடைத்தது. "நானே உக்காந்து, நிதானமாப் பாத்து, நானே போடறேனுங்கப்பா" என்றாள் மகள். நியாயமான பேச்சு.

வீட்டில் லேப்டாப் இருந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மூத்தவனுக்கு 2019-ல் பள்ளியில் கொடுத்தது. அவன் வேலைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்ட பின், இது பீரோவின் மேல்தட்டில் வேட்டிக்கு அடியில் கிடந்தது. நம்ம பக்கம் எத்தனை வீட்டில் இப்படிக் கிடக்கிறதோ!

எடுத்துத் துடைத்து, சார்ஜரைச் சொருகியதும் உயிர் வந்தது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம். ஹாட்ஸ்பாட் என்றால் போனுக்கு வருகிற நெட்டைப் பக்கத்தில் உள்ள கருவிக்கு வைஃபையாகத் திருப்பிவிடுவது, பெரிய வாய்க்காலில் மடை திறந்து பக்கத்து வயலுக்கு விடுவது மாதிரி. ஆனால் லேப்டாப்பில் என் போனின் பெயரே வரவில்லை. விமானம் படம் போட்ட பட்டன் அமுங்கி இருந்தால் வைஃபை அணைந்துவிடும் என்று மகளுக்குத் தெரியும். அதைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக்கூட முழுசாகத் திறக்காமல், "வைஃபை கார்டு போயிருச்சுங்க, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிருங்க" என்றார். முப்பதாயிரம் ரூபாய். தேங்காய் விலையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

அன்று சாயந்திரம் என் மச்சினர் வந்தார். கையில் ஒரு பழைய போன். மகள் அதில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். உடனே பெயர் வந்தது! கார்டு போகவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் சிம்மில் எங்கள் சாளைக்கு டவர் கிடைக்காது. மகள் தன் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சருக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பா போன் எப்பக் கண்ணு வாங்கினது?"

"போன வருசந்தானுங்க மிஸ்."

"அப்ப ஹாட்ஸ்பாட் 5-ல இருக்கும். செட்டிங்ஸ்ல போய் 2.4-க்கு மாத்து."

மாற்றினாள். பெயர் வந்தது. விஷயம் இவ்வளவுதான். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். புதுப் போன்கள் இரண்டிலும் பேசும். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். 5-ல் வேகம் அதிகம், ஆனால் சுவர் வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 வேகத்தில் குறைவு, தூரமாகப் போகும். தோட்டத்துக்காரனுக்கு ஏற்றது 2.4தான் என்பது என் கட்சி. இதே போல இன்னொரு சங்கடமும் உண்டு. புதுப் போனில் ஹாட்ஸ்பாட் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று இருந்தால், பழைய லேப்டாப்பில் பெயர் தெரிந்தாலும் சரியான பாஸ்வேர்டைப் போட்டும் உள்ளே விடாது. டபிள்யூபிஏ2 என்று மாற்றினால் சரியாகும்.

இந்த 2.4 அலைவரிசையை யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் முழுசாகத் திறந்துவிட்டது 2005-ல்தான். அது நடக்காமல் இருந்திருந்தால், வீட்டில் ஒரு வைஃபை பெட்டி வைக்கக்கூட சர்க்கார் ஆபீஸ் படி ஏறிக்கொண்டு இருந்திருப்போம்.

சரி, பெயர் வந்தது, பாஸ்வேர்டு போட்டாயிற்று, கோடு முழுசாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தால், "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதேதான். இரவு பத்து மணி. நிரப்ப இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. என் மனைவி, "போதும் சாமி, காலைல பொள்ளாச்சிக்கே போயிருங்க" என்றாள்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு நான் சொல்வது எளிதாகப் புரியும். கடைசி வரிசை தென்னைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால், மோட்டார் கெட்டது என்று முடிவு கட்டுவோமா? மோட்டார் ஓடுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மெயின் பைப்பில் கசிவா, டிரிப்பரில் உப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவோம். இதுவும் அப்படித்தான். லேப்டாப்பின் மூலையில் தெரிகிற கோடு, லேப்டாப்புக்கும் பக்கத்தில் உள்ள பெட்டிக்கும் நடுவில் இருக்கிற பைப்பை மட்டும்தான் காட்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் முதலில் போனில் நெட் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. பிறகு போனை யூஎஸ்பி வயரால் லேப்டாப்பில் சொருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் போட்டுப் பார்த்தோம். வைஃபை இல்லாமல் வயர் வழியாகவே நெட் போகிற வழி இது. அப்போதும் அதே எச்சரிக்கை. ஆக, கோளாறு வைஃபையிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. லேப்டாப்புக்கு உள்ளே இருக்கிறது.

கண்டுபிடித்தது மகள்தான். "அப்பா, தேதியைப் பாருங்க." கீழே மூலையில் 2017 என்று இருந்தது, லேப்டாப் எங்கள் வீட்டுக்கு வருவதற்கும் இரண்டு வருடம் முன்னால்! லேப்டாப்புக்குள் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று ஒரு மின்சாரம் எப்போதும் வேண்டும். வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அது தீர்ந்து, தேதி பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் போட்டிருக்கும். லேப்டாப் 2017-ல் நின்றுகொண்டு இந்த வருடத்துச் சான்றிதழைப் பார்த்தால், இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரிசெய்ததும் பக்கம் திறந்தது. ஒரு பைசா செலவில்லை.

மறுநாள் முழுக்க அவள் உட்கார்ந்து வரிசை போட்டாள். கோவையா, மதுரையா, திருச்சியா என்று நோட்டில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, அப்புறம் லேப்டாப்பில் ஏற்றினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்க, நான் நோட்டில் டிக் போட்டேன். இப்போது அவள் வேளாண்மைக் கல்லூரியில் முதல் வருடம். லேப்டாப்பும் அவளோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.

அவள் போவதற்கு முன் எங்களுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை வாங்கி, மாடிப்படி அறையில், டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில் வைத்தாள். முதலில் ஹாலில் பிரிட்ஜ் மேல் வைத்திருந்தோம். அங்கே கோடு ஒன்றுதான். இரும்பு, தகரக் கூரை, கம்பி போட்ட கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி, இவையெல்லாம் வைஃபைக்குப் பகை. தகரம் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பு சாப்பாட்டைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே 2.4 அலையால், சாப்பாட்டில் உள்ள ஈரம் அலையைக் குடிப்பதால்தான். அதனால் மழை பெய்து மட்டை எல்லாம் நனைந்து நிற்கும் நாளில், தோப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம் வரைக்கும் போகிற வைஃபை பாதியில் நின்றுவிடுகிறது. வெயில் ஏறியதும் திரும்ப வருகிறது. கரண்ட் போனாலும் ஓட ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் இடி கேட்டால் முதல் வேலை அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குவது. பாஸ்வேர்டு போன் நம்பராக இருக்கக்கூடாது என்பது மகளின் கண்டிப்பான உத்தரவு. ஏனென்றால் போன் நம்பர்தான் ஊருக்கே தெரியுமே.

இப்போது புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. எங்களுக்குத் தெற்கே, பள்ளத்தில் இருக்கும் சாளையில் டவரே கிடைக்காது. அந்த வீட்டுப் பேரன் ஒன்பதாவது படிக்கிறான். "உங்க வீட்டுலருந்து எங்களுக்கு ஒரு கனெக்சன் விட முடியுங்களா மாமா?" என்று அவனே வந்து கேட்டான். தூரம் அறுநூறு மீட்டர் இருக்கும். சாதாரண ரவுட்டர் அதில் கால்வாசி போனாலே பெரிது.

ஆனால் முடியாத காரியம் இல்லை. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2006-லேயே தேனியில் இதைச் செய்து காட்டியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றுக் கிராமங்களில் ஐந்து கண் சிகிச்சை மையங்களையும் வைஃபையாலேயே இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்த நோயாளியின் கண்ணைத் தேனியில் இருந்த டாக்டர் வீடியோவில் பார்த்தார். எல்லாப் பக்கமும் அலையைச் சிதறவிடாமல், டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் அடிக்கிற ஆண்டெனாவை இரண்டு முனையிலும் உயரத்தில் வைப்பதுதான் அடிப்படை. தூரம் கூடும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. வைஃபை ஒவ்வொன்றாகச் செய்தி அனுப்பிவிட்டு, "வந்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பதில் வர நேரமானால், போய்ச் சேரவில்லை என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். அந்தக் காத்திருப்பு முறையை ஆராய்ச்சியாளர்கள் மாற்றி எழுதினார்கள். வெனிசுவேலாவில் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் வரை வைஃபையை எட்ட வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அறுநூறு மீட்டர்தான்.

இதற்கென்றே இரண்டு ஆண்டெனாவாக விற்கிறார்கள். அதை வாங்குவதற்கு முன்னால், ஒரே சிம்மை இரண்டு வீட்டுக்குப் பகிர நிபந்தனை இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டு ஆண்டெனாவும் ஒன்றை ஒன்று நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் நிற்பது என் நெட்டை மரங்கள், ஐம்பது வருடத் தென்னை. எங்கள் மாடியில் இருந்து பார்த்தால் அந்தச் சாளையின் ஓடு தெரிவதில்லை. அடுத்த மாதம் தேங்காய் போட ஆள் ஏறும்போது, கிழக்கு வரிசை ஓரத்து மரத்தின் உச்சியிலிருந்து அந்த வீடும் எங்கள் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.