மலைமேல் ஒரு சத்திரம்

எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம் வரை நடந்து சென்று வர விரும்பும் இளைஞர் நம் குடும்பங்களிலும் இன்று பெருகி வருகின்றனர். அண்மையில் இருவர் நம்மிடம் வந்து, “அங்குத் தங்கும் விடுதிகள் எப்படியிருக்கும், சுவாமி?” என்று வினவினர். அவர்களுக்குக் கூறியதையும், கூறத் தயங்கியதையும் இங்கே எழுதத் துணிகிறோம்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாமும், குருமடத்தில் நம்முடன் பயின்ற நண்பர் ஒருவரும் நேப்பாள நாட்டின் லுக்லாவில் விமானத்தினின்று இறங்கினோம். ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூருக்கு அப்பால் வண்டிப் பாதை இல்லை. மனிதரும் விலங்குகளுமே சுமை சுமக்க வேண்டும். வழிநெடுக ஷெர்ப்பா இனத்துக் குடும்பங்கள் நடத்தும் விடுதிகள் உள்ளன. ‘தேநீர் இல்லம்’ என்பது அவற்றின் பெயர். நம் முன்னோர் வழிப்போக்கருக்குக் கட்டிய சத்திரங்களையே அவை நினைவூட்டின.

விடுதி என்றதும் மெத்தையும் வெந்நீரும் நினைவுக்கு வருமாயின், அந்நினைவை லுக்லாவிலேயே இறக்கி வைத்துவிடுவது நலம். அறைகளுக்கிடையே மெல்லிய ஒட்டுப்பலகையே தடுப்பு. அடுத்த அறையில் ஒருவர் இருமினால் நம் உறக்கம் கலையும். இரு கட்டில்கள், ஒரு கம்பளி, சுவரில் ஓர் ஆணி, இவ்வளவே. அறையில் கனப்பு கிடையாது. கழிப்பறை பெரும்பாலும் பொது. மேலே செல்லச் செல்ல, வாளி நீர் இரவில் உறைந்துவிடும். கடுங்குளிர் தாங்கும் உறக்கப்பை இல்லாதவர் பெரிதும் வருந்துவர்.

மாலையானதும் உணவுக்கூடத்தின் நடுவே இரும்பு அடுப்பொன்றை மூட்டுகின்றனர். அவ்வட்டாரம் 1976 முதல் தேசியப் பூங்காவாதலால் விருப்பம்போல் மரம் வெட்ட இயலாது. 4,000 மீட்டருக்கு மேல் மரமே அரிது. ஆகவே சடை எருமையின் சாணத்தைத் தட்டி உலர்த்திய வரட்டியே அங்கு எரிபொருள். பல தேசத்தாரும் அதைச் சூழ்ந்தமர்ந்து ஈரக் காலுறைகளை உலர்த்துவர். எட்டு மணிக்கெல்லாம் அனைவரும் படுக்கைக்குச் செல்ல, சுமை தூக்குவோர் பலர் அக்கூடத்துப் பலகைகளிலேயே உறங்குவர்.

அறை வாடகை சொற்பமே. ஆனால் தங்குமிடத்திலேயே உண்ண வேண்டும் என்பது வழக்கம். சோறும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த ‘தால்பாத்’ நம்மவர்க்கு ஏற்ற உணவு, மறுமுறையும் பரிமாறுவர். இறைச்சியைத் தவிர்க்கலாம். அங்கு விலங்குகளைக் கொல்வதில்லை. கீழிருந்து பல நாள் சுமந்துவரும் இறைச்சியே கிடைக்கும். உயரம் கூடக் கூட விலையும் கூடும். தேநீருக்கும் விலை ஏறும். கைப்பேசிக்கு மின்னூட்டவும் பணம் தர வேண்டும்.

இதனை அறிந்திருந்தும் நாம் தவறினோம். 4,400 மீட்டர் உயரத்துத் திங்போச்சேயில் ஒரு வாளி வெந்நீருக்குக் கேட்ட தொகை மிகையென்று விடுதிப் பெண்மணியிடம் சினந்து பேசினோம். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் விடியலில் அவருடைய மகள் ஓடையிலிருந்து நீர்க்கலத்தை முதுகில் சுமந்து மேடேறி வரக் கண்டோம். வெட்கினோம், ஆயினும் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பும்போது கேட்கலாம் என்று எண்ணிக்கொண்டோம்.

அன்று தொடங்கிய தலைவலியையும் அவ்வாறே மறைத்தோம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பதும், தலைவலியும் குமட்டலும் இருக்கையில் மேலே ஏறலாகாது என்பதும் நாம் படித்தறிந்தவையே. ஆனால் நண்பர் இப்பயணத்திற்காகப் பல்லாண்டு காத்திருந்தவர். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம். உண்மையில் நம்மைத் தடுத்தது அகந்தையே.

ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள லொபுச்சேயில், கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதியைவிடச் சற்றே மிகுதியாகக் கிடைக்கும். நீர் 84 பாகையை ஒட்டியே கொதித்துவிடுவதால், அழுத்தக் கலம் இன்றி அரிசி எளிதில் வேகாது. அன்றிரவு பூண்டு ரசம் போன்ற சூப்பை நாம் தொடாமல் வைத்திருந்ததை விடுதிப் பெண்மணி கண்டார். ‘தீதி’, அதாவது அக்காள், என்று எல்லாரும் அவரை அழைத்தனர். அருகில் வந்து, “தலை வலிக்கிறதா? வாந்தி எடுத்தீர்களா?” என்று இந்தியில் கேட்டார். நண்பர் முன்னிலையில் நாம் பொய் சொல்ல இயலவில்லை.

“மலை எங்கும் போய்விடாது. விடிந்ததும் இறங்குங்கள். இரவில் நடை தள்ளாடினாலோ, மூச்சு முட்டினாலோ, விடியும்வரை காத்திராமல் என்னை எழுப்புங்கள்” என்றார். இருமுறை அவரே வந்து கதவைத் தட்டி நம் குரலைக் கேட்டுச் சென்றார். அதற்கு அவர் கட்டணம் ஏதும் கேட்கவில்லை.

சுமை தூக்குபவர் துணையுடன் தாம் மட்டும் மேலே செல்லுமாறு நண்பரை வேண்டினோம். அவர் இசையவில்லை. காலையில் நம் பையையும் தாமே சுமந்துகொண்டு பெரிச்சே வரை உடன் இறங்கினார். 1973-இல் தோன்றிய ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் அங்கே மலையேறும் பருவங்களில் இயங்குகிறது. அறுநூறு மீட்டர் இறங்கியதற்கே தலைவலி பாதி தணிந்திருந்தது. நண்பர் முகாமைக் காணாமலே ஊர் திரும்பினார். அதுபற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. திங்போச்சேயிலேயே உண்மையைக் கூறி ஓரிரு நாள் ஓய்ந்திருந்தால், இருவருமே மெல்ல மேலே சென்றிருக்கக் கூடும். இறங்கிய வழி திங்போச்சேயைத் தொடவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பும் கேட்கப்படாமலே நின்றது.

அவ்விளைஞரிடம் உறக்கப்பையையும் தால்பாத்தையும் பற்றி விரிவாகவே கூறினோம். இதைக் கூறத்தான் தயங்கினோம்: விடுதியிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். கூரையும் சூடான சோறும் எதிர்பார்க்கலாம். அதற்குமேல் கிடைப்பதெல்லாம் அவ்வீட்டாரின் உழைப்பும் இரக்கமும். அங்குத் தலை வலித்தால், அன்றிரவே உடன் வந்தவரிடம் சொல்லிவிடுங்கள்.